வாய்ப்பூட்டு

என் மாமாவுக்கு வாய் நீளம் என்பது கம்பளைக் கடைவீதியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர் என்பதால் எங்களோடுதான் இருந்தார். விடியுமுன்னே பஸ் பிடித்துக் கெலிஓயாவுக்குப் போய் அங்கே ஒரு சிங்கள முதலாளியின் பேக்கரியில் பாண் போடுவார். பொழுது சாயத் திரும்பும்போது கையில் ஒரு பாணும் வாய் நிறையக் கதையும் இருக்கும். முதலாளி பேசுவது போல் பேசிக் காட்டுவார். பஸ் கண்டக்டர் போல் கத்துவார். சிங்களத்தில் பேச ஆரம்பித்தால், முதுகைக் காட்டி நிற்கும் சிங்களவர்கள் தங்கள் ஆள் என்றே நினைத்துக்கொள்வார்கள். அம்மா சிரிப்பை அடக்க மாட்டாமல், "இந்த வாய் மட்டும் இல்லேன்னா ஒன்னைய நாய் தூக்கிட்டுப் போயிரும்டா" என்பார்.

அந்த வாயில் ஒரு சத்தமும் இருந்தது. திறக்கும்போது இடது காதுக்கு முன்னால் டக் என்று ஒன்று கேட்கும். மூடும்போது இன்னொன்று, கொஞ்சம் சன்னமாக. கீழ்த்தாடை நேராக இறங்காது. முதலில் இடப்பக்கம் ஒதுங்கும், சத்தம் வந்த பிறகுதான் நடுவுக்கு வரும். எனக்கு அது பெரிய வேடிக்கை. தெருப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவேன். மாமா கதிரையில் உட்கார்ந்து, கூட்டத்தில் பேச எழுந்தவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பார். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு அவர் கன்னத்தில் காதை ஒட்டிக் கேட்கும்.

சிறு வயதில் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாமாவின் வலப்பக்கக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அதனால் எதையும் இடப்பக்கமே ஒதுக்கி மென்று பழகியிருந்தார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கவும் செய்வார். அடுத்த அறையில் படுத்திருக்கும் எனக்கே கேட்கும். இதற்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா தையல்காரர். அவருக்கு வாய் என்பது நூலைக் கடிக்கவும் குண்டூசியைக் கவ்விக்கொள்ளவும் கடவுள் கொடுத்தது. பேசுவதற்கு அதைப் பயன்படுத்த மிகவும் யோசிப்பார். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள். அளவெடுக்கவும், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவும் வேண்டிய சிங்களம் அவரிடம் இருந்தது. தன் சிங்களத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

ஆனால் ஒரு சொல் அவருக்கு மசியவில்லை. சிங்களத்தில் "முடியாது" என்பதற்கு ஒரே எழுத்தில் ஒரு சொல் உண்டு. தமிழில் அதை எழுத வழியில்லை. பே என்று எழுதிப் பார்க்கலாம், ஆனால் அது பேயும் இல்லை, பாவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், தாடையை நன்றாகக் கீழே இறக்கிச் சொல்ல வேண்டியது. அப்பா சொன்னால் அது சுத்தமான தமிழ்ப் பேயாகத்தான் வரும். சாப்பாட்டுக்குப் பிறகு மாமா அவருக்குப் பாடம் நடத்துவார்.

"தாடைய எறக்குங்க மச்சான். ஆடு கத்துறத கேட்டதே இல்லியா?"

அப்பா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "நம்ம வீட்டு ஆடு மேன்னுதான் கத்துது மாப்புள" என்பார். அதோடு பாடம் முடிந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாமா பாணின் கருகிய ஓரத்தை இடப்பக்கம் வைத்துக் கடித்தார். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு வாயைத் திறக்கப் போனார். டக் சத்தம் வரவில்லை. வாயும் திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும் அளவு இறங்கி, இடப்பக்கம் கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. நான் இது புது வித்தை என்று நினைத்துக் கைதட்டினேன். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

அம்மா உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தார். நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் போய்ப் பச்சை எண்ணெய் வாங்கிவந்து காதடியில் தேய்த்தார். கண்ணூறு கழித்தார். வாய்க்கொழுப்புக்கு வந்த வினை என்று திட்டினார், திட்டிக்கொண்டே கஞ்சியை வடிகட்டி ஊட்டினார். எதற்கும் அசையவில்லை. மாமா பல்லிடுக்கில் பேசினார். நீளமான வாய் அப்படிச் சுருங்கிப் போனதில் வீடே வெறிச்சோடியது.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. தாடை இறங்காததால் மாமாவின் சிங்களம் கெட்டுப் போயிற்று. அந்த நடு ஒலிக்கு வாய் திறந்தாக வேண்டும். பூட்டிய வாயில் அது அப்பாவின் பேயாகவே வந்தது. பேக்கரிப் பையன்கள் மாவுக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இப்போதுதான் நீ தமிழன் மாதிரிப் பேசுகிறாய் என்று முதுகில் தட்டினார்களாம். மாமாவே அதை மூக்கால் சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார். அப்பாவும் சிரித்தார். அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. அது கெட்ட சிரிப்பும் இல்லை, அன்றைக்கு.

கடைசியில் கண்டியில் பல் டாக்டரிடம் காட்டுவது என்று முடிவாயிற்று. எனக்கும் ஒரு சொத்தைப் பல் ஆடாமல் நின்று தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அதையும் பிடுங்கிவிடலாம் என்றார் அம்மா. மாமாவால் பேச முடியாது என்பதால் அவருக்காகப் பேச அப்பா தையலைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். பேச்சே வராத அப்பா, பேச்சு நிற்காத மாமாவுக்கு வாயாகப் போவதை நினைத்து அம்மாவுக்குச் சிரிப்பு. அதற்கு முதல் நாளே கொழும்பில் தமிழர்களை அடிக்கிறார்கள், கடைகளை எரிக்கிறார்கள் என்று கதை வந்திருந்தது. இன்னொரு நாள் போகலாமா என்று அம்மா கேட்டார்.

"அது கொழும்புல. இங்க நம்மள யாரு என்னா செய்யப் போறா?" என்றார் அப்பா. டாக்டரைப் பார்க்க ஒரு மாதத்துக்கு முன்பே கிடைத்த தவணை அது. விட்டால் இன்னொன்று எப்போது கிடைக்குமோ தெரியாது.

உள்ளே நோயாளிகள் மட்டும் வரலாம் என்று தாதி சொல்லிவிட்டதால் அப்பா வெளியே கிடந்த வாங்கிலேயே உட்கார வேண்டியதாயிற்று. நானும் மாமாவும் போனோம். வயதான ஒரு சிங்கள டாக்டர் அம்மா, நோனா என்று கூப்பிட வேண்டும். முதலில் என் பல்லைப் பிடுங்கி, பள்ளத்தில் பஞ்சை வைத்து, வீட்டுக்குப் போகும் வரை அதைக் கடித்துக்கொண்டிரு, வாயைத் திறக்கவே கூடாது என்றார். பிறகு மாமாவின் இரண்டு காதுக்கு முன்னும் விரல் வைத்து, மெல்லத் திறந்து மூடச் சொன்னார். வலப்பக்கப் பற்கள் எங்கே என்று கேட்டார். இரவில் பல் கடிப்பீர்களா என்று கேட்டார். மாமா தலையாட்டினார். தாடை மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு சின்ன மெத்தை உண்டு, ஒரே பக்கம் மென்று மென்று அது முன்னால் நழுவிவிட்டது, இத்தனை நாளும் டக்கென்று திரும்ப ஏறிக்கொண்டது, இப்போது ஏறாமல் நிற்கிறது என்று நிதானமாகச் சொன்னார். பள்ளிக்கூட முற்றத்துச் சிங்களம் எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு பெருவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மாமாவின் கீழ்க்கடைவாயில் வைத்துக் கீழே அழுத்தி முன்னால் இழுத்தார். மாமா கதிரைக் கையை இறுகப் பிடித்தார். டக். அந்தச் சத்தத்தை நான் எவ்வளவு தூரத்தில் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். மாமாவின் வாய் திறந்தது. மாமாவின் மூன்று விரல்களை நிறுத்தி வைத்து உள்ளே விட்டுக் காட்டினார் டாக்டர் நோனா. மறுபடி பூட்டிக்கொள்ளலாம், அதனால் ஒரு வாரத்துக்குப் பெரிதாகத் திறக்காதீர்கள், பேச்சைக் குறையுங்கள் என்று சொல்லி, நாடியோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சு விழும்படி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார்.

கதவருகே வந்ததும் மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். உதட்டில் விரல் வைத்தார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவுக்கு முன்னால் வாயை ஆவென்று திறந்து காட்டப் போகிறார். அதுவரை அப்பாவுக்கும் தெரியக் கூடாது. வெளியே வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கையை விரித்தார். அப்பா அதை அப்படியே நம்பினார். "பரவால்ல மாப்புள, மெதுவா சரியாகும்" என்று மாமாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பஞ்சைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் மாமா ஜன்னலோரமும் அப்பா அவர் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். எனக்கு நடைவழிக்கு எதிர்ப்பக்கம், கூடையும் கையுமாக வந்த ஒரு சிங்களப் பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பேராதனை தாண்டியதும் கடைகள் ஒன்றொன்றாகக் கதவைப் போட்டுக்கொண்டிருந்தன. தூரத்தில் கறுப்பாகப் புகை போய்க்கொண்டிருந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பஸ்ஸில் பேச்சு குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றே போனது. கெலிஓயாவுக்கு முன்னால் ஒரு வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே மரக்கிளைகள் கிடந்தன.

ஐந்தாறு பேர் ஏறினார்கள். இங்கே யாரும் இல்லை, எல்லாரும் நம் ஆட்கள் என்று கண்டக்டர் சொன்னான். அவன் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அவனுக்கு நன்றாக இருக்கட்டும். அதே நேரம் பக்கத்துப் பெண் என்னை இழுத்து மடியில் போட்டுச் சேலைத் தலைப்பால் மூடினார். கேட்டவனிடம், மகள், பல் பிடுங்கிவிட்டு வருகிறோம் என்றார். எனக்குப் பல் பிடுங்கியது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியமாக இருந்தது. என் கன்னம் வீங்கியிருந்தது எனக்கே தெரியாது. தலைப்பின் விளிம்பில் ஒரு இடைவெளி. அதன் வழியே மாமாவின் முகம் மட்டும் தெரிந்தது.

பெட்டிப் பலகை ஒன்றைக் கையில் வைத்திருந்தவன் மாமாவிடம்தான் முதலில் நின்றான். தலையில் என்ன கட்டு என்று கேட்டான். மாமா பேசவில்லை. அவன் திரும்பக் கேட்டான், கொஞ்சம் உரக்க. அப்பா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். நோய், இவருக்கு வாயைத் திறக்க முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் வந்தது. "முடியாது" வந்த இடத்தில் மட்டும் எங்கள் வீட்டு ஆடு கத்திவிட்டது.

பலகைக்காரன் மாமாவை விட்டுவிட்டான். இன்னொரு தடவை சொல்லு என்றான் அப்பாவிடம். குரலில் கோபமே இல்லை. அப்பா சொன்னார். இன்னொரு தடவை என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா மாமாவின் பாடத்தையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு தாடையை இறக்கிச் சொல்லப் பார்க்கிறார் என்பது அவர் குரலிலேயே எனக்குத் தெரிந்தது. முதலில் பே என்று வந்தது. பிறகு பா என்று வந்தது. பிறகு இரண்டும் இல்லாத ஏதோ ஒரு முனகல் வந்தது.

நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி விளையாட்டு முடிந்துவிடும், மாமா இப்போது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். முதலாளி மாதிரி ஒரு அதட்டல் போட்டால் போதும், இவர்கள் ஓடிவிடுவார்கள். காதுக்கு முன்னால் அவருடைய தசை ஏறி இறங்கியது. நாடியில் இருந்த துணி இறுகியது. கண் ஜன்னல் கம்பியிலேயே குத்தி நின்றது. வாய் திறக்கவில்லை. அப்பாவின் செருப்பு ஒன்று படியில் தட்டிக் கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு, வெளியே, பலகை. அது எனக்குப் பழக்கமில்லாத சத்தம். யாரோ பஸ்ஸின் பக்கத்தில் ஓங்கித் தட்ட, பஸ் கிளம்பிவிட்டது.

மாமா வாய் திறந்திருந்தால் அப்பா தப்பியிருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டு பேரையும் இழுத்துப் போட்டிருக்கலாம். அந்தப் பூட்டுத் திறந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்புதானே, அது மறுபடி விழுந்துவிட்டதோ, அவர் வாயிலிருந்தும் பேதான் வந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்? அந்த மாதிரி ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திராதவர்கள் இதற்குத் தீர்ப்புச் சொல்ல வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கெலிஓயாவில் மாமா என்னைச் சேலைக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினார். அந்தப் பெண்ணின் முகத்தைக் கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பேக்கரிக் கதவு சாத்தியிருந்தது. மாமா இரண்டு கையாலும் அடித்தார். முதலாளி ஒருக்களித்துத் திறந்ததும், தலைக்கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, மாமா கத்தினார். என் மச்சானை அடிக்கிறார்கள், வளைவில், வேனை எடுங்கள், தெய்வமே, என்னால் எதுவும் முடியவில்லை என்று வாயைக் கிழியத் திறந்து, சுத்தமான சிங்களத்தில் கத்தினார். அந்த நடு ஒலி அது விழ வேண்டிய இடத்தில் பிசகாமல் விழுந்தது. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டு, பாண் வேனை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அப்பாவை உயிரோடு கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்தான்.

ஊரடங்கு தளர்ந்து நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது மாமா தலையில் மறுபடி துணியைக் கட்டியிருந்தார். அம்மா அழுதபடி கேட்டதற்கெல்லாம் பல்லிடுக்கில் ஏதோ முனகினார். அவர் பிறகு கெலிஓயாவுக்கு வேலைக்குப் போகவும் இல்லை.

அப்பாவுக்கு இரண்டு காதடியிலும் தாடை எலும்பு உடைந்திருந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். பல்லிடுக்கு வழியே கஞ்சித் தண்ணீர். ஒரே வீட்டில் இரண்டு பூட்டிய வாய்கள். அம்மா ஒரே சட்டியில் காய்ச்சி இரண்டு பேருக்கும் வடிகட்டுவார். வருகிறவர்களிடமெல்லாம், "அந்த வாய்ப்பூட்டுதான் எந்தம்பிய காப்பாத்திச்சு. மாரியாத்தா போட்ட பூட்டு. இல்லேன்னா ரெண்டு பேரையும்ல வாரிக் குடுத்திருப்பேன்" என்பார். அப்படி அவர் சொல்லும்போதெல்லாம் மாமா எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

ஒருநாள் அம்மா தண்ணிக்குப் போயிருந்தார். அப்பா படுக்கையில் கூரையைப் பார்த்துக் கிடந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதாவது நல்ல சேதி சொல்லித் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்ததிலேயே நல்ல சேதி ஒன்றுதான். அவர் காதில் குனிந்து சொன்னேன். "அப்பா, பயப்படாதீங்க. மாமாவுக்கும் இப்புடித்தானே பூட்டி இருந்திச்சு. அன்னைக்கு டாக்டர் நோனா டக்குனு தொறந்து விட்டுட்டாங்க. மூனு வெரல் உள்ள போச்சு. ஒங்களுக்குச் சொல்லாம வெளையாட்டுக் காட்டுனாரு. ஒங்களுக்கும் அப்புடித் தொறந்துரும்."

அப்பா கூரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அப்புறம் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமாவின் முதுகைப் பார்த்தார். வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிக்குப் பின்னால் அவர் மூச்சு இரைந்தது. அம்மா வரும் காலடி கேட்டதும், கையைத் தூக்கி என் வாயை மூடினார். வலிக்கும்படி அழுத்தினார். அம்மாவுக்குச் சொல்லாதே என்று கண்ணாலேயே சொன்னார். சரிதான், அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லையே, அப்பாவும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கம்பியை எடுத்த பிறகு அப்பாவின் எலும்பு ஒட்டியிருந்தது, கடி ஒட்டவில்லை. கடைவாய்ப் பற்கள் முதலில் போய் முட்டிக்கொள்ளும். முன்பற்களுக்கு நடுவே நிரந்தரமாக ஓர் இடைவெளி. சோறு மெல்ல அரைமணி நேரம் ஆகும். வாய் அசையும்போது இரண்டு பக்கமும் கரகரவென்று கேட்கும். மிஷினில் உட்கார்ந்து முதல் சட்டையைத் தைத்து முடித்தபோது, பழக்கத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோனார். நூல் மேலும் கீழும் படாமல் பல்லுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை பார்த்தார். மாமா மூலையில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போகப் போனார்.

"மாப்புள, இந்த நூல கொஞ்சம் கடிச்சிக் குடுங்க" என்றார் அப்பா.

கத்தரிக்கோல் அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் எடுத்து நீட்டினேன். அப்பா அதை வாங்கவில்லை. மாமா வந்து குனிந்து, உதட்டைப் பிரித்து நூலைக் கடித்தார். அவர் கண்ணீர் சட்டைத் துணியில் விழுந்தது. அப்பா அதைத் தட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நூலுக்கும் அப்பா மாமாவைக் கூப்பிட்டார். மாமாவும் ஒவ்வொரு தடவையும் வந்தார். ஆனால் பேச மட்டும் செய்யவில்லை.

அடுத்த மாசியில் அம்மா பிறந்த தோட்டத்தில், ஹேவாஹெட்டப் பக்கம், மாரியம்மன் திருவிழா. சாமி போட்ட பூட்டுக்குச் சாமிக்கே நன்றி சொல்ல வேண்டும் என்று அம்மா தம்பியின் பேரில் வேண்டுதல் வைத்திருந்தார். அந்த வேண்டுதலுக்குப் பேரும் வாய்ப்பூட்டுதான். மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு ஆற்றிலிருந்து கோயில் வரை நடந்து வர வேண்டும். சன்னதியில் பூசாரி கட்டை அவிழ்த்து நாக்கில் திருநீறு போடுவார். கட்டியவர் வாய்விட்டுத் தாயே என்று கூப்பிட வேண்டும். அதோடு வேண்டுதல் நிறைவேறும், சாமி எல்லாப் பூட்டையும் எடுத்துவிடும். மாமா மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லத்தான் அவருக்கு வாய் இல்லையே.

மேட்டு ரோட்டில் வெயில் ஏறியிருந்தது. மாமா ஈர வேட்டியோடு நடந்தார். பெண்கள் அவர் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். சாமி காப்பாற்றிய ஆள் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அவர் தலை நிமிரவே இல்லை. சன்னதிக்கு வந்ததும் தப்பு மேளச் சத்தம் நின்றது. பூசாரி துணியை அவிழ்த்தார்.

"தொறப்பா வாய. தாயேன்னு கூப்புடு."

மாமா வாயைத் திறக்கவில்லை. அம்மனைப் பார்த்தபடி நின்றார். கூட்டம் காத்திருந்தது. அம்மா பின்னாலிருந்து, "கூப்புடுடா, ஒரு தடவ கூப்புடுடா எஞ்சாமி" என்று கெஞ்சினார். பூசாரியின் முகம் மாறியது. மனசில் ஏதோ குறை இருந்தால்தான் இப்படி வாய் திறக்காது, குறையைச் சொல்லிவிடு என்றார். யாரோ கிசுகிசுத்தார்கள். மாமாவின் உதடு பிரிய ஆரம்பித்தது. கூப்பிடப் போகிறாரா, வேறு ஏதாவது சொல்லப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் அப்பா போய் நின்றுகொண்டார்.

அப்பா கூட்டத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. கோணிய தாடையோடு, காற்று நடுவில் ஒழுக ஒழுக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"விடுங்க சாமி. அவருக்கு ஒரு கொறையும் இல்ல. அவரு வாய் அன்னைக்கும் தொறக்கல, இது வரைக்கும் தொறக்கவே இல்ல. எனக்குத் தெரியும், நான்தானே கூட இருந்தேன்."

பூசாரி ஒரு கணம் பார்த்துவிட்டு, மாமாவின் நெற்றியிலேயே திருநீறு பூசினார். தப்பு மறுபடி எழுந்தது. மாமா அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாயை மூடியபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா பொய் சொல்ல மாட்டார், அதுவும் அம்மன் முன்னால். மாமாவின் வாய் திறந்ததை அவர் காதில் சொன்னது நானல்லவா? அப்படியென்றால் நான் சொன்னது அவருக்கு மறந்து போயிருக்க வேண்டும். அந்தப் பலகை தாடையில் மட்டும் படவில்லை, அப்பாவின் ஞாபகத்தையும் சேர்த்து உடைத்துவிட்டது என்று நினைத்து, மலை இறங்கி வீடு வந்து சேரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்காக அழுதுகொண்டே வந்தேன்.